பழைய இயந்திரத்தை வைத்திருப்பதா, மாற்றுவதா: வரிக்குப் பின் கணக்கிடும் முறை

பழைய இயந்திரத்தை மாற்றலாமா என்ற கேள்வியோடு வருவோர் பெரும்பாலும் ஒரே ஒரு தாளைத்தான் கையில் கொண்டுவருகிறார்கள்: புதிய இயந்திரத்தின் விலைக்கூறல். கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல. பழைய இயந்திரம் இன்று, வரியும் கழிந்த பின், எத்தனை ரூபா பெறும் என்பதே முதற் கேள்வி. அந்தத் தொகை தெரியாதவரை, புதியதன் விலை அதிகமா குறைவா என்று சொல்ல எந்த அளவுகோலும் நம்மிடம் இல்லை.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டைக் கொண்டு செல்கிறேன். இலங்கையின் மலையகத்தில், டிம்புலப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை, வரையறுத்த கம்பனி, ஆண்டுக்கு 300,000 கிலோ தூள் ஆக்குகிறது. விறகில் ஓடும் அதன் டிரையர் (தேயிலையை உலர்த்தும் இயந்திரம்), ஏற்கெனவே பல ஆண்டுகள் உழைத்த நிலையில் 2022/23 ஆம் ஆண்டில் 60 இலட்சம் ரூபாவுக்கு இரண்டாங்கையாக வாங்கப்பட்டது. எடுத்துக்காட்டின் தொகைகள் கணக்கு முறையைக் காட்டுவதற்காக நான் அமைத்தவை. அவற்றின் இடத்தில் உங்கள் தொகைகளை இட வேண்டும். வரி விதிகள் 2025/26 மதிப்பீட்டாண்டுக்குரியவை. கொழுந்து லொறி, பேக்கரி அடுப்பு, ஜெனரேட்டர், அச்சு இயந்திரம் எதுவானாலும் படிகளின் ஒழுங்கு இதுவே.

1. உட்காருமுன் மேசையில் இருக்க வேண்டியவை

முதலாவது, கடைசியாகச் சமர்ப்பித்த வருமான வரி விபரத்திரட்டோடு இணைத்த மூலதனப் படி அட்டவணை. படி என்பது, சொத்தின் விலையில் ஆண்டுதோறும் வரிக்காக வருமானத்திலிருந்து கழிக்கும் பங்கு. நிலையான சொத்துப் பதிவேடு இதற்கு ஈடாகாது. கணக்கேடுகளில் ஒரு டிரையரை 15 வருடங்களில் தேய்த்து எழுதுவோர் உண்டு; 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமோ உற்பத்தி இயந்திரத்தின் விலையை 5 வருடங்களில், ஆண்டுக்கு ஐந்திலொரு பங்காகக் கழிக்க இடமளிக்கிறது. ஆகவே ஒரே இயந்திரத்துக்கு, இன்னும் கழிக்காத தொகையாக இரண்டு மீதிகள் இருக்கும். வரிக்கு உதவுவது இரண்டாவது மீதி மட்டுமே. புதியவர்கள் இடறும் முதற் கல் இது. இங்கே தவறினால் பின்னால் வரும் ஒவ்வொரு தொகையும் தவறிவிடும்.

இரண்டாவது, மூன்று வருடத் திருத்தப் பட்டியல்கள், விறகு வரவுப் புத்தகம், மின்பட்டியல்கள். ஒரு வருடம் போதாது, ஏனெனில் பெரிய திருத்தம் விழுந்த வருடத்தை மட்டும் பார்த்தால் இயந்திரம் இருப்பதைவிட மோசமாகத் தோன்றும், விழாத வருடத்தை மட்டும் பார்த்தால் நன்றாகத் தோன்றும்.

மூன்றாவது, இயந்திரம் நின்ற நாட்களின் குறிப்பு. டீமேக்கரின் (தூள் ஆக்கும் வேலைக்குப் பொறுப்பானவரின்) நாட்குறிப்பில் இது இருந்தால் நல்லது. இல்லையென்றால் இன்றே ஒரு கொப்பியைத் தொங்கவிட்டு, நின்ற நேரம், காரணம், அப்போது காத்திருந்த தூளின் நிறை மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். நினைவிலிருந்து சொல்லப்படும் நாட்கள் சொல்பவரின் விருப்பத்துக்கு ஏற்ப நீளும் அல்லது சுருங்கும் என்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன். மூன்று மாதம் பொறுத்து எழுதிய குறிப்பு, இன்று ஊகிக்கும் தொகையைவிட மேலானது.

நான்காவது, பழையதை வாங்க விரும்புபவரின் எழுத்துமூலமான விலை. ஐந்தாவதாகத்தான் புதியதன் விலைக்கூறல் வருகிறது.

2. உங்கள் வரி வீதத்தை முதலில் நிச்சயியுங்கள்

ஒரு ரூபா செலவைக் கழித்தால் எத்தனை சதம் வரி மிச்சமாகும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். கம்பனிக்குப் பொது வீதம் 30 சதவீதம். 2022 ஒக்டோபருக்கு முன் உற்பத்திக்கும் விவசாயப் பதப்படுத்தலுக்கும் குறைந்த வீதங்கள் இருந்தன. அந்தக் காலத்துக் கணக்குத் தாளைப் பிரதி செய்து இன்றும் பயன்படுத்துவோர் அந்த வீதத்தை மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

தனியாள் பெயரில் தொழில் நடத்துவோருக்கு 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா நிவாரணம் கழிந்த பின், முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதமும், அடுத்தடுத்த ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30 சதவீதமும், மீதிக்கு 36 சதவீதமும் அறவிடப்படும். இங்கே எடுக்க வேண்டியது சராசரி வீதமல்ல; உங்கள் வருமானத்தின் கடைசி ரூபா எந்தப் படிக்கட்டில் நிற்கிறதோ அந்த வீதம். நுவரெலியாவில் மரக்கறி ஏற்றும் ஒருவர் 6 சதவீதப் படிக்கட்டில் நின்றால், லொறி வாங்குவதால் வரி மிஞ்சும் என்ற பேச்சு அவருக்கு ஏறக்குறைய பொருளற்றது. 36 சதவீதத்தில் நிற்பவருக்கோ அது கம்பனியைவிடப் பெரிய தொகை.

நட்டத்தில் ஓடும் தொழிலுக்கு இன்னொரு எச்சரிக்கை. வரி கட்டாத ஆண்டில் கழிவு எதையும் மிச்சப்படுத்தாது. கழிக்க முடியாமற்போன நட்டத்தை அடுத்த 6 வருடங்களுக்குக் கொண்டுசெல்லலாம். அதற்குள் இலாபம் வருமென நம்பத் தக்க காரணம் இருந்தால், அந்தச் சேமிப்பை அது உண்மையில் கைக்கு வரும் ஆண்டில் எழுதுங்கள். காரணம் இல்லையென்றால் பூச்சியம் எழுதுங்கள்.

3. பழைய இயந்திரத்தின் இன்றைய விலை, வரிக்குப் பின்

எடுத்துக்காட்டுக்கு வருவோம். 60 இலட்சத்தில் ஆண்டுக்கு 12 இலட்சம் வீதம் மூன்று வருடங்கள் கழிந்துவிட்டன. 2025 மார்ச் 31 இல் வரி அட்டவணையின் மீதி 24 இலட்சம். வாங்குபவர் ஒருவர், கழற்றி ஏற்றும் செலவு தம்முடையது என ஒப்புக்கொண்டு, 15 இலட்சம் தருவதாக எழுதித் தந்திருக்கிறார்.

மீதியைவிடக் குறைவாக விற்றால், குறையும் தொகையை வருமானத்திலிருந்து கழிக்கலாம். 24 இலட்சத்தில் 15 போக 9 இலட்சம். அதன் 30 சதவீதம் 2.7 இலட்சம் வரிச் சேமிப்பு. ஆக டிரையர் தரும் தொகை 17.7 இலட்சம். மீதியைவிடக் கூடுதலாக, உதாரணமாக 30 இலட்சத்துக்கு விற்றிருந்தால், கூடிய 6 இலட்சம் வருமானத்தில் சேர்ந்து 1.8 இலட்சம் வரி உண்டாகும். கைக்கு வருவது 28.2 இலட்சம்.

இங்கே இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். ஒன்று, '9 இலட்சம் நட்டப்பட்டு விற்க மாட்டேன்' என்று இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது. அந்த 9 இலட்சம் ஏற்கெனவே போய்விட்ட பணம். வைத்திருந்தாலும் திரும்பாது, விற்றால் அதில் 2.7 இலட்சமாவது வரியாக மிஞ்சும். 60 இலட்சம் என்ற பழைய விலைக்கும் இந்தத் தீர்மானத்தில் இடமில்லை. வரி மீதியைக் கணக்கிட மட்டுமே அது உதவும்.

மற்றது, எதிர்த்திசைத் தவறு: விற்பனை விலை முழுவதும் கைக்கு வரும் என்று எண்ணுவது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய லொறிகளின் விலை ஏறிப்போனது. வரி அட்டவணையில் மீதி எதுவும் இல்லாத லொறியை ஒரு கம்பனி 35 இலட்சத்துக்கு விற்றால், முழுத் தொகையும் வருமானமாகி 10.5 இலட்சம் வரி உண்டாகும். 35 இலட்சத்தையும் புதிய லொறியின் முற்பணமாகக் கட்டிவிட்டு, பின்னர் வரிக்குப் பணம் தேடி அலைந்தவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். விற்ற அன்றே வரிப் பங்கை வேறு கணக்கில் ஒதுக்கி வைப்பதே சரியான வழி.

கழற்றும் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. மேல்மாடியில் இருக்கும் இயந்திரம், குறுகிய தோட்டப் பாதை, பாலத்தின் தாங்குதிறன் ஆகியவை வாங்குபவரின் விலையைத் தின்றுவிடும். யார் கழற்றுவது, யார் ஏற்றுவது, சுவரை உடைக்க நேர்ந்தால் யார் கட்டித் தருவது என்பவை எழுத்தில் இல்லாத விலையை நான் விலையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

4. வைத்திருந்தால் கூடுதலாக ஆகும் செலவு

பழையதன் மொத்தச் செலவு இங்கே வேண்டாம். புதியதோடு ஒப்பிட எவ்வளவு கூடுதல் என்பதே வேண்டும். இரண்டுக்கும் பொதுவான ஆட்சம்பளம், காப்புறுதி, கட்டடச் செலவு ஆகியவற்றை எழுதினால் தாள் நிறையுமே தவிர முடிவு மாறாது.

விறகு: பழையது ஒரு கிலோ தூளுக்கு 2.2 கிலோ விறகை எரிக்கிறது, புதியது 1.7 கிலோ எரிக்கும். அரைக் கிலோ வித்தியாசம், 300,000 கிலோ தூள், கிலோ விறகு 15 ரூபா என்றால் ஆண்டுக்கு 22.5 இலட்சம். திருத்தம்: 10 இலட்சம் குறையும். நின்ற நாட்களால் இழந்தது: கொப்பியின்படி 9.5 இலட்சம். மின்சாரம்: புதியதன் விசிறிகள் பெரியவை, 2 இலட்சம் கூடும். மொத்தத்தில் ஆண்டுக்கு 40 இலட்சம் சேமிப்பு. செலவு குறைந்தால் இலாபம் கூடும், இலாபம் கூடினால் வரி கூடும். 30 சதவீதம் போக மிஞ்சுவது 28 இலட்சம். சேமிப்புக்கும் வரி உண்டு என்பதைப் பலர் ஏற்கத் தயங்குகிறார்கள்; ஆனால் கழித்துக்கொண்டிருந்த செலவு இல்லாமற்போகும்போது அந்தக் கழிவும் இல்லாமற்போகிறது.

விறகுக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. விறகை நாம் கன அளவில் வாங்குகிறோம். எரிவதோ நிறையும் ஈரமும் சார்ந்தது. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவ மழையில் நனைந்த விறகை எரித்துவிட்டு, அந்த மாதங்களின் அளவை விற்பனையாளர் தரும் காய்ந்த விறகின் அளவோடு ஒப்பிட்டால், குற்றம் இயந்திரத்தின் தலையில் விழும். விறகைக் கூரையின் கீழ் சில மாதம் அடுக்கி உலர்த்திய பின் மறுபடி அளந்து பாருங்கள். 0.5 கிலோ வித்தியாசம் 0.3 ஆகக் குறைந்தால் ஆண்டுக்கு 9 இலட்சம் சேமிப்பு கணக்கிலிருந்து மறைந்துவிடும். ஒரு விறகுக் கொட்டகைக்கு ஆகும் செலவு டிரையரின் விலைக்கு அருகிலும் வராது. இந்தச் சோதனையைச் செய்யாத எவருக்கும் நான் கணக்குப் போட்டுக் கொடுப்பதில்லை.

விலையில் வரும் இழப்பும் இங்கேதான் சேரும். டிரையரிலிருந்து வெளிவரும் தூளில் ஏறத்தாழ 3 சதவீத ஈரமே இருக்க வேண்டும். தட்டுகள் வளைந்து காற்று சீராகப் பாயாதபோது ஒரு பகுதி கருகும், ஒரு பகுதி ஈரமாக நிற்கும். ஏலத்தில் தூளை விற்றுத் தரும் தரகரின் குறிப்பில் அது தெரிந்துவிடும். ஆனால் இந்த இழப்பை ஊகித்து எழுதுவது எளிது, நிரூபிப்பது கடினம். ஆகவே முதற் கணக்கில் இதைச் சேர்க்காமல் விட்டு, எட்டாம் பகுதியில் தனியே எடுத்துக்கொள்கிறேன்.

5. புதியதன் முழு விலை

விலைக்கூறலில் உள்ள தொகை, தொழிற்சாலை வாசல் வரையான விலை மட்டுமே. அத்திபாரம், மின் இணைப்பு, புகைக்குழாய், ஏற்றி இறக்கும் கூலி, பரீட்சார்த்த ஓட்டத்தில் வீணாகும் தூள் ஆகியவற்றையும் சேருங்கள். எடுத்துக்காட்டில் இயந்திரம் 180 இலட்சம், பொருத்துதல் 20 இலட்சம், மொத்தம் 200 இலட்சம். பொருத்தும் செலவும் சொத்தின் விலையோடு சேர்ந்து படிகளாகக் கழியும் என்பதால் அந்தப் பற்றுச்சீட்டுகளையும் இயந்திரத்தின் கோப்பிலேயே வைத்திருக்க வேண்டும்.

பெறுமதி சேர் வரி 18 சதவீதம். பதிவு செய்து, வரிக்குட்பட்ட விற்பனை செய்பவர் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறலாம். ஆகவே அவர் விலையில் அதைச் சேர்க்கக் கூடாது. பதிவு செய்யாதவருக்கு அது விலையின் ஒரு பகுதி. 180 இலட்சத்தில் 18 சதவீதம் என்பது 32.4 இலட்சம், இதைத் தவறான பக்கத்தில் வைத்தால் முடிவே புரண்டுவிடும்.

2022 இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியதை நாம் மறக்க முடியாது. அதற்கு முன் வாங்கிய இயந்திரங்களின் படிகள் அன்றைய ரூபா விலையில்தான் கழிந்தன; மாற்றீட்டுக்கோ இன்றைய ரூபா வேண்டும். படிகளாகச் சேமித்த வரி அடுத்த இயந்திரத்துக்குப் போதும் என எண்ணாதீர்கள். விலைக்கூறல் எத்தனை நாட்களுக்குச் செல்லும், எந்த நாணயத்தில் செல்லும் என்பதையும் படித்த பின்பே தொகையை எழுதுங்கள்.

வங்கிக் கடன் தவணையையும் லீசிங் தவணையையும் இந்தத் தாளில் எழுதக் கூடாது. இயந்திரம் வேண்டுமா என்பது ஒரு கேள்வி. பணத்தை எங்கே புரட்டுவது என்பது அதற்கு அடுத்த கேள்வி. முழு விலையையும் எழுதி, தவணைகளையும் எழுதினால் ஒரே செலவு இரு தடவை விழும்.

6. புதியதற்குக் கிடைக்கும் படிகள், இழக்கும் பழைய படிகள், இறுதி விற்பனை

200 இலட்சத்தை ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 40 இலட்சம் படி. வரிச் சேமிப்பு 12 இலட்சம். பழையதை வைத்திருந்தால் 2025/26 இலும் 2026/27 இலும் 12 இலட்சம் வீதம் படி கிடைத்து, ஆண்டுக்கு 3.6 இலட்சம் வரி மிஞ்சியிருக்கும். விற்றால் அவை போய்விடும். ஆண்டின் இறுதியில் கையில் இல்லாத சொத்துக்கு அந்த ஆண்டின் படி இல்லை. புதியதன் படிகளை மகிழ்ச்சியோடு எழுதிவிட்டு, கைவிடும் பழைய படிகளை எழுத மறப்பது அனுபவமுள்ளவர்களிடமும் காணும் தவறு.

ஐந்து வருடம் கழித்துப் புதியது 60 இலட்சத்துக்கு விற்கும் என்று வையுங்கள். அப்போது வரி மீதி இல்லை. 60 இலட்சமும் வருமானம், 18 இலட்சம் வரி, கையில் 42 இலட்சம். விற்கும் எண்ணம் இல்லையென்றாலும் இதை எழுத வேண்டும், ஏனெனில் ஐந்து வருடத்தோடு நாம் கணக்கை நிறுத்துகிறோமே தவிர இயந்திரம் நின்றுவிடுவதில்லை. பழையதை வைத்திருந்தால் அதே நாளில் பழைய இரும்பாக 5 இலட்சம் தரும். வரி போக 3.5 இலட்சம்.

7. எல்லாவற்றையும் இன்றைய ரூபாவுக்குக் கொண்டுவருதல்

ஐந்து வருடம் கழித்து வரும் ரூபா இன்றைய ரூபாவுக்கு ஈடல்ல. எந்த வீதத்தால் குறைப்பது? வங்கி 14 சதவீதத்துக்குக் கடன் தருகிறது எனில், வட்டியும் கழியத்தக்க செலவு என்பதால் வரிக்குப் பின் அது 9.8 சதவீதம். சொந்தப் பணத்துக்கு அதைவிடக் கூடுதலாக எதிர்பார்ப்பது நியாயம். இரண்டும் கலந்து 12 சதவீதம் எடுக்கிறேன். காசுப் பாய்ச்சல்கள் வரிக்குப் பின்னானவை என்றால் வீதமும் வரிக்குப் பின்னானதாகவே இருக்க வேண்டும்.

12 சதவீதத்தில் ஒரு ரூபா, முதலாம் ஆண்டு முடிவில் 0.893, பிறகு 0.797, 0.712, 0.636, 0.567 ஆகும், ஐந்தின் கூட்டுத்தொகை 3.605. இலட்சம் ரூபாவில் கணக்கு இப்படி அமைகிறது.

இன்று செல்வது: 200 − 15 = 185
செலவுக் குறைவு, வரிக்குப் பின்: 28 × 3.605 = 100.9
புதிய படிகளின் வரிச் சேமிப்பு: 12 × 3.605 = 43.3
குறைந்து விற்றதன் வரிச் சேமிப்பு: 2.7 × 0.893 = 2.4
கைவிட்ட பழைய படிகள்: 3.6 × 0.893 + 3.6 × 0.797 = 6.1 (கழிக்க)
புதியதன் இறுதி விற்பனை: 42 × 0.567 = 23.8
கைவிட்ட பழைய இரும்பு: 3.5 × 0.567 = 2.0 (கழிக்க)
வருவதன் மொத்தம்: 162.3

185 கொடுத்து 162.3 பெறுகிறோம், 22.7 இலட்சம் குறைகிறது. இந்தத் தொகைகளில் டிரையரை வைத்திருப்பதே சரி. வழக்கமாகப் போடப்படும் கணக்கோ, 185 ஐ 40 ஆல் வகுத்து, 'நாலரை வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும், வாங்கலாம்' என்று முடிந்துவிடுகிறது. அதில் சேமிப்பின் மீதான வரியும் இல்லை, காலத்தின் விலையும் இல்லை, கைவிட்ட படிகளும் இல்லை.

8. எந்தத் தொகை மாறினால் முடிவு மாறும்

ஆண்டுச் சேமிப்பு ஒரு இலட்சம் கூடினால், வரி போக 0.7 இலட்சம், ஐந்து வருடத்துக்கு இன்றைய பெறுமதி 2.52 இலட்சம். 22.7 இலட்சக் குறையை நிரப்ப ஆண்டுக்கு இன்னும் 9 இலட்சம் வேண்டும். 300,000 கிலோவில் 9 இலட்சம் என்பது கிலோவுக்கு 3 ரூபா.

முழுக் கணக்கும் இந்த 3 ரூபாவில் வந்து நிற்கிறது. பழைய டிரையரின் சீரற்ற உலர்த்தலால் கிலோவுக்கு 3 ரூபாவுக்கு மேல் இழக்கிறீர்களா? கொழும்பு ஏல விற்பனையில் உங்கள் தரங்களுக்குக் கிடைத்த விலையை, அதே உயர வலயத்தின் சராசரி விலையோடு வாரம் வாரமாக ஒரு வருடத்துக்கு ஒப்பிட்டு, தரகரிடம் உலர்த்தல் குறை எந்த வாரங்களில் குறிப்பிடப்பட்டது என்று கேட்டு அடையாளமிடுங்கள். குறை சொல்லப்பட்ட வாரங்களுக்கும் சொல்லப்படாத வாரங்களுக்கும் இடையிலான வித்தியாசமே நீங்கள் எழுதத்தக்க தொகை.

வெளியாரிடம் கொழுந்து வாங்கும் தொழிற்சாலைக்கு இங்கே ஒரு திருத்தம் வேண்டும். தேறிய விற்பனை விலை 68க்கு 32 என்ற விகிதத்தில் கொழுந்து தருவோருக்கும் தொழிற்சாலைக்கும் பங்கிடப்படுகிறது. விலை உயர்வு அப்படியே பங்கிடப்படுமானால், தொழிற்சாலைக்கு 3 ரூபா மிஞ்ச, ஏலத்தில் 9 ரூபாவுக்கு மேல் உயர வேண்டும். சொந்தத் தோட்டத்துக் கொழுந்தை மட்டும் அரைக்கும் தொழிற்சாலையின் கணக்குத் தாளைப் பிரதி செய்தவர் இதைத் தவறவிடுவார்.

9. 'இன்னும் ஒரு வருடம்' என்ற கேள்வி

மாற்ற வேண்டாம் என்ற விடை என்றைக்குமான விடையல்ல. உண்மையில் ஒவ்வொரு வருடமும் கேட்க வேண்டியது, இன்னும் ஒரு வருடம் ஓட்டினால் எவ்வளவு ஆகும் என்பதே.

புதியதை ஆண்டு வாடகை போல எண்ணிப் பாருங்கள். 200 இலட்சத்திலிருந்து படிகளின் 43.3 ஐயும் இறுதி விற்பனையின் 23.8 ஐயும் கழித்தால் 132.9, அதை 3.605 ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 36.9 இலட்சம். இது புதியதை வைத்திருப்பதன் ஆண்டுக் கிரயம்.

பழையதை இன்னும் ஒரு வருடம் ஓட்டினால், கூடுதல் செலவு வரிக்குப் பின் 28 இலட்சம். அதோடு, இன்று விற்றால் வரும் 17.4 இலட்சம் (15 உடன் 2.4) ஒரு வருடத்துக்கு முடங்குகிறது, 12 சதவீதத்தோடு அது 19.5 ஆகியிருக்கும். அடுத்த ஏப்ரலில் 12 இலட்சத்துக்கு விற்றால், அந்த ஆண்டுப் படியின் 3.6 உம் சேர்த்து 15.6 வரும். வித்தியாசம் 3.9. ஆக ஒரு வருடம் ஓட்டுவதன் கிரயம் 31.9 இலட்சம். 36.9 ஐவிடக் குறைவு. இந்த வருடம் வைத்திருக்கலாம்.

வரிக்கு முன்னான ஆண்டுச் சேமிப்பு 40 இலட்சத்திலிருந்து 47 இலட்சத்தை எட்டும்போது இந்த ஒப்பீடு மறுபக்கம் சாயும். எட்டாம் பகுதியில் வந்த 49 இலட்சத்தோடு (40 உடன் 9) இது சற்று வேறுபடுகிறது; அங்கே கேட்டது ஐந்து வருடத்துக்கான கேள்வி, இங்கே ஒரு வருடத்துக்கானது. விறகு விலை ஏறும்போதும், நின்ற நாட்கள் கூடும்போதும் இந்த ஒரு தாளை மட்டும் திருத்திப் பார்த்தால் போதும்.

10. திருத்திப் புதுப்பிக்கும் மூன்றாவது வழி

அடுப்புக் குழாய்களையும் தட்டுகளையும் மாற்றி, இயந்திரத்தைப் பாதி புதிதாக்கும் வழியையும் அதே தாளில் தனி வரிசையாக எழுதுங்கள். வழக்கமான திருத்தம் அந்த ஆண்டிலேயே கழியும். இயந்திரத்தின் திறனையோ ஆயுளையோ கூட்டும் பெரிய மேம்பாடு அப்படி முழுவதும் கழியாது. வரி மீதியைப் பொறுத்த ஒரு வரம்புக்கு மேற்பட்ட பகுதி சொத்தின் விலையோடு சேர்ந்து படிகளாகவே கழியும். வரி மீதி சிறிதாகிவிட்ட பழைய இயந்திரத்துக்கு அந்த வரம்பும் சிறிதாகவே இருக்கும். ஆகவே பட்டியலை எழுதும் பொறியியலாளரிடம் திருத்தத்தையும் மேம்பாட்டையும் தனித்தனி வரிகளாக எழுதித் தரும்படி வேலை தொடங்குமுன் கேளுங்கள். 'டிரையர் வேலை, மொத்தம்' என்று ஒரே வரியில் வரும் பட்டியல், வரி மதிப்பீட்டின்போது உங்களுக்கு எந்த உதவியும் செய்யாது.

11. மாதத்தைத் தேர்தல்

மதிப்பீட்டாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிகிறது. மார்ச் 31 க்குள் புதியது உங்கள் உடைமையாகி, தொழிலில் ஓடத் தொடங்கினால் அந்த ஆண்டுக்கான முழுப் படியும் கிடைக்கும். ஏப்ரலில் ஓடத் தொடங்கினால் படிகள் யாவும் ஒரு வருடம் பின்தள்ளப்படும். எடுத்துக்காட்டில் அதன் விலை ஏறத்தாழ 4.6 இலட்சம். துறைமுகத்திலோ பெட்டிக்குள்ளோ கிடக்கும் இயந்திரத்துக்குப் படி இல்லை என்பதால், கட்டளை இடும் நாளை மார்ச்சிலிருந்து பின்னோக்கி எண்ணித் தீர்மானிக்க வேண்டும்.

ஆனால் டிம்புலவில் ஜனவரி முதல் மார்ச் வரை வரட்சியோடு வரும் தரமான பருவம். வரியை எண்ணி அந்த மாதங்களில் டிரையரைக் கழற்றினால், ஆண்டின் மிக நல்ல தூளை இழக்க நேரும். பத்து நாட்களில் 8,000 கிலோ ஆக்க முடியாமற்போய், கிலோவுக்கு 60 ரூபா மிஞ்சியிருக்குமானால், வரிக்குப் பின் இழப்பு 3.4 இலட்சம், 4.6 ஐவிடக் குறைவுதான். எனினும் அந்தப் பத்து நாளில் வேறு தொழிற்சாலைக்குக் கொழுந்தை ஏற்றிய சிறு தோட்டக்காரர்கள் எல்லோரும் திரும்பி வருவார்கள் என்று சொல்ல முடியாது, அந்த இழப்பு எந்தத் தாளிலும் எழுதப்படாது. ஆகவே டிம்புலப் பக்கத்தில் ஒக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை பொருத்தி முடிக்கவே நான் சொல்வேன். ஊவாவில் தரமான பருவம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. அங்கே அது முடிந்த பின் மார்ச் வரை இடம் இருக்கிறது, வடகீழ்ப் பருவ மழையில் பாதை திறந்திருக்கும் நாட்களைப் பார்த்துப் பாரமான பெட்டிகளை ஏற்ற வேண்டும்.

இயந்திரம் முதன்முதல் தூள் உலர்த்திய நாளை, ஆக்கிய நிறையோடும் டீமேக்கரின் கையொப்பத்தோடும் ஒரு கடிதமாக எழுதி, விலைப்பட்டியலோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். நவம்பர் 30 இல் விபரத்திரட்டைச் சமர்ப்பித்து நெடுநாளான பின், 'இது எப்போது ஓடத் தொடங்கியது?' என்று கேட்கப்படும்போது காட்ட வேண்டிய ஆதாரம் அந்தக் கடிதமே.